கட்டில் எரியலாம்

பூட்டு ரிப்பேர்க்காரர் வீட்டுப் பின்புறத்தில் ஒரு மரக்கட்டில் ஆறு வருடம் எரிந்தது. கரியவில்லை, குறையவில்லை. மழை பெய்தால் கொஞ்சம் சீறும், அவ்வளவுதான். முதல் மாதம் ஊரே வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு ஈரத் துணியை அந்தப் பக்கமாகக் காயப்போடப் பழகிக்கொண்டது.

தவறு நடந்தது நகராட்சி அலுவலகத்தில். திறந்தவெளியில் எதை எரிப்பதானாலும் அங்கே தீக்குச்சி என்ற பெண் அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆள் ஒல்லி, கோபம் உடனே பற்றும். அதனால் உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். காய்ந்த சருகு, கிளை, வர்ணம் பூசாத மரம் என்றால் பேசலாம். டயர், பிளாஸ்டிக், மெத்தை பற்றி மூச்சு விடக் கூடாது. காற்று பலமாக அடித்தால் கிடையாது. பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் வேண்டும். தீ அணையும்வரை அனுமதி வாங்கியவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஒன்று பிசகினாலும், யாராயிருந்தாலும், கிழிகிழியென்று கிழித்துவிடுவாள்.

பூட்டுக்காரர் அவளுடைய தங்கை கணவர். தங்கை போன பிறகு, அவள் கடைசிவரை காய்ச்சலில் கிடந்த கட்டிலை எரிக்க அனுமதி கேட்டு வந்தார். "அதைப் பார்த்துக்கிட்டு அந்த ரூம்ல எனக்குத் தூக்கம் வரலக்கா," என்றார். தீக்குச்சிக்கு வயிறு எரிந்தது. மறுக்க ஒரு விதி கிடைக்காதா என்று தேடினாள். கட்டிலில் வர்ணமில்லை, வார்னிஷ் இல்லை, அன்றைக்கென்று பார்த்துக் காற்றும் இல்லை. கண்ணில் நீர் முட்ட, 'கட்டில் எரிக்கலாம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கட்டில் எரியலாம்' என்று எழுதி முத்திரை குத்திவிட்டாள்.

அனுமதி மனிதருக்குக் கிடைக்கவில்லை, கட்டிலுக்குக் கிடைத்தது. எரியலாம் என்று சொன்ன பிறகு அது ஏன் நிற்கும்? எரித்து முடிக்கலாம் என்று யாருக்கும் சொல்லவுமில்லை. தீயணைப்பு வண்டி இரண்டு தடவை வந்து தண்ணீரை வீணாக்கிவிட்டுப் போனது. மேலதிகாரி கட்டிலை விசாரணைக்கு அழைத்தார், கட்டில் வரவில்லை. "எழுதின கையாலதான் திருத்தணும். திருத்திடும்மா, ஒழிஞ்சது," என்று அவளிடமே விட்டுவிட்டார்.

அவள் திருத்தவில்லை. திருத்தினால் தங்கை கிடந்த இடமும் போய்விடும். விதிப்படி பூட்டுக்காரர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேசையையும் அரத்தையும் அங்கேயே கொண்டுவந்தார். சாவி செய்ய வந்தவர்கள் வேலி வழியாகப் பூட்டை நீட்டினார்கள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த நாற்காலியில். சொந்தத் தம்பி கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. தலை நரைத்தது, முதுகு வளைந்தது. தீக்குச்சி வாராவாரம் பார்வையிட வருவாள். கட்டில் கால்கள் நான்கும் அப்படியே இருப்பதைப் பார்த்தால் அவளுக்கு மனசு நிறைந்துவிடும். "ஐயோ, பேனா மறந்துட்டேன் மாப்ளே," என்பாள். பேனா கொண்டையிலேயே செருகியிருக்கும். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

ஆறாம் வருடம் அவள் பார்வையிட வந்த ஒரு மத்தியானம் அவர் நாற்காலியிலிருந்து எழப்போய் விழுந்துவிட்டார். தூக்கிவிடக் குனிந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளை விடமாட்டேங்கிறீங்க, சரி. கூடவே என்னையும் கட்டிப் போட்டுட்டீங்களேக்கா. நான் என்ன பாவம் பண்ணேன்? காலை நீட்டிப் படுக்கணும், வேற ஒண்ணும் வேணாம்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. "ஒரே ஒரு தடவை படுத்துக்கறேன் மாப்ளே," என்று செருப்பைக் கழற்றிவிட்டு, எரிகிற கட்டிலில் ஏறிப் படுத்தாள். சுடவில்லை. காய்ச்சலில் கிடந்த தங்கையைக் கட்டிக்கொண்டு படுத்தபோது இருந்த அதே சூடு. வாய்விட்டு அழுதாள். அழுது தீர்ந்ததும் இறங்கி, சுவரில் ஒட்டியிருந்த அனுமதிச் சீட்டில் 'ய'வை அடித்துவிட்டு 'க்க' எழுதினாள்.

சாயங்காலத்துக்குள் கட்டில் சாம்பலாகிவிட்டது. பூட்டுக்காரர் பாதியிலேயே அறைக்குள் போய்த் தரையில் விழுந்து குறட்டை விட ஆரம்பித்தார். விதிப்படி அது குற்றம். தீக்குச்சி அவரை எழுப்பவில்லை. வாளியோடு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கடைசிக் கங்கு அணையும்வரை இருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கை சூடாகவே இருக்கிறது. அலுவலகத்தில் ஆறிப்போன தேநீரை அவளிடம் கொடுத்து வாங்கிக் குடிக்கிறார்கள். புதிதாக வருபவர்கள், "காய்ச்சலா மேடம்?" என்று கேட்பார்கள். "இல்லப்பா, தங்கச்சி," என்பாள். சரி என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போவார்கள்.