தெரிந்த ரத்தம்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பழைய சட்டம் உண்டு. வெளியிலிருந்து எத்தனை பேர் ரத்தம் வந்தாலும், ஒவ்வொரு தொகுதியோடும் இரண்டு குழாய் ‘தெரிந்த ரத்தம்’ சேர்த்து ஓட்ட வேண்டும். ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டும் அங்கேயே வேலை செய்கிறவர்களுடையது. அதில் ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் வந்தால்தான் மற்றவர்களுடைய முடிவை நம்பி வெளியே அனுப்பலாம். ஆண் ரத்தம் ஸ்டோர்காரருடையது. "பன்னண்டு வருஷமா படிக்காமலே பாஸ் பண்றேன்" என்று அவர் பீற்றிக்கொள்வார். பெண் ரத்தம் கொடுத்துவந்தவள் பிரசவ லீவில் போய்விட்டதால், அந்த மாதம் முறை சல்லடைக்கு வந்தது.

சல்லடை என்பது கூடத்தில் அவளுக்கு வைத்த பேர். இருபத்தொன்பது வயது. குரோமோசோம் பார்க்கிற வேலையில் அவள் கண்ணுக்குத் தப்பியது என்று ஒன்று கிடையாது. ஆறு வருஷமாக ஊரார் ரத்தத்தைத்தான் பார்த்தாள். தன்னுடையதைப் பார்க்கத் தோன்றியதே இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

வேலை ஒன்றும் மாயமில்லை. ரத்தத்தை மூன்று நாள் வெதுவெதுப்பில் வைத்து செல்களை வளரவிட வேண்டும். அவை இரண்டாகப் பிரியப்போகிற நேரம் பார்த்து மருந்து விட்டு நிறுத்த வேண்டும். பிறகு ஒரு சாண் உயரத்திலிருந்து ஈரக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டால், செல் உடைந்து குரோமோசோம்கள் சிதறி விழும். சாயமேற்றி, படமெடுத்து, திரையில் ஜோடி ஜோடியாக அடுக்க வேண்டும். இருபத்திரண்டு ஜோடி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். கடைசி ஜோடிதான் வேறு. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், பக்கத்தில் குட்டையாக ஒரு ஒய்.

திங்கட்கிழமை மத்தியானம் சல்லடை தன் ரத்தத்தை அடுக்க உட்கார்ந்தாள். கடைசி ஜோடிக்கு வந்ததும் கை நின்றது. எக்ஸுக்குப் பக்கத்தில் அந்தக் குட்டை இருந்தது.

"அண்ணே, உங்க குழாயும் என் குழாயும் மாறிப்போச்சு போல" என்று ஸ்டோர் பக்கம் குரல் கொடுத்தாள்.

"அப்ப நான் பொம்பளைன்னு வருமா? என் வீட்டுக்காரிகிட்ட சொல்லித் தொலைக்காதம்மா."

சிரித்துக்கொண்டே அவருடைய ரத்தம் விட்ட கண்ணாடித் துண்டை எடுத்துப் பார்த்தாள். மாறியிருந்தால் அதில் இரண்டு எக்ஸ் இருக்க வேண்டும். அதிலும் ஒய் இருந்தது. தொகுதியில் இருந்த மற்ற ஒன்பது பேரையும் பார்த்தாள். எல்லாரும் சீட்டில் எழுதியபடியே இருந்தார்கள். மாறுவதற்கு வேறு ரத்தம் இல்லை. எங்கேயோ ஒரு சொட்டு தெறித்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தெறித்திருந்தால் இரண்டு வகை செல்லும் கலந்து தெரியும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். பயந்த மனசுக்குப் படிப்பு உதவாது.

தன் கையிலேயே ரப்பர் கட்டி மறுபடி ரத்தம் எடுத்தாள். தானே பேர் ஒட்டினாள். வெதுவெதுப்பு அலமாரியில் தனித் தட்டில் வைத்தாள். வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். அக்காவுக்கு நாலு வயதில் ஒரே பெண்.

"பாப்பாவுக்கு ரெண்டு பக்கமும் குடலிறக்கமாம்டீ. தொடைகிட்ட சின்னதா வீங்கியிருக்கு. போன வாரம் அம்மா இங்க வந்தப்ப, குளிப்பாட்டும்போது அவதான் பாத்தா. டாக்டரையும் அவளே பிடிச்சுட்டா. அடுத்த திங்கள் ஆபரேஷன்."

"எந்த டாக்டர்?"

"சின்ன வயசுல உனக்கு வயித்துக் கட்டி எடுத்தாரே, அவரேதான். வயசாயிடுச்சாம். அம்மா கேட்டதுக்காகப் பண்றாராம்."

சல்லடை திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். அம்மா அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நின்று, மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்கள் சந்தித்ததும் "சின்ன விஷயம்டி, அரை மணி நேர வேலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சல்லடைக்கும் அந்த ஆபரேஷன் நாலு வயதில்தான் நடந்தது. வயிற்றில் கட்டி, கர்ப்பப்பை சூலகம் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தாகிவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால்தான் மாதவிலக்கு இல்லை. பதிமூன்று வயதிலிருந்து தினம் காலை ஏழு மணிக்கு அம்மா கையால் ஒரு ஹார்மோன் மாத்திரை. இதெல்லாம் அவளுக்குப் பழகிய பாரம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அம்மாவே ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக்கழித்ததும் அதனால்தான் என்று நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முப்பது செல் எடுத்தாள். முதல் செல்லில் ஒய். இரண்டாவதில் ஒய். சாயம் மாற்றினாள், கண்ணாடித் துண்டை மாற்றினாள், பக்கத்து மைக்ரோஸ்கோப்புக்குப் போனாள். முப்பதிலும் இருந்தது. கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி, பேசாமல், அசையாமல் இருந்தது. உண்மையில் அது வந்த ஆளே இல்லை. அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் கண்ணாடி இருந்தது. அதில் தன் முகத்தைப் பார்த்தாள். ஒரு பரு வந்து அறியாத முகம். கூடத்துப் பெண்கள் எத்தனை முறை பொறாமைப்பட்டிருப்பார்கள்! "உனக்கென்னடி, மெழுகு மாதிரி கை, முடி எடுக்கிற செலவே இல்ல." "நல்ல உயரம்டி, மாடலா போயிருக்கலாம்." ஒவ்வொரு பாராட்டும் இப்போது ஒவ்வொரு அறிகுறியாகத் திரும்பி வந்தது. அவளே பாடப் புத்தகத்தில் வரிசையாக மனப்பாடம் பண்ணிய அறிகுறிகள்தான். முழங்கையைத் தடவிப் பார்த்தாள். யாருடைய கையையோ தொடுவதுபோல் இருந்தது.

கூடத்தின் தலைமை டாக்டர் ஒரு பெண். மேடம் என்றால் எல்லாருக்கும் கொஞ்சம் நடுக்கம்தான். சல்லடை திரையைக் காட்டி, நாலு வயதில் நடந்த ஆபரேஷனையும் சொன்னதும் மேடம் அறைக் கதவைச் சாத்தினார்.

"உட்காரு. கட்டின்னு சொன்னாங்களே, அது கட்டி இல்லம்மா. உனக்குக் கர்ப்பப்பையும் இருந்திருக்காது. வயித்துக்குள்ள முதல் ஆறு வாரம் எல்லாக் கருவும் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்புறம் ஒய் இருந்தா ஆண் விதை உருவாகி, ஆண் ஹார்மோன் சுரக்கும். உனக்கும் சுரந்திருக்கு. ஆனா உன் செல் எதுக்கும் அது காதுல விழல. கேக்காததால உடம்பு பெண்ணாவே வளந்திருக்கு. அந்த விதைதான் ரெண்டு பக்கமும் தொடைகிட்ட இறங்கி வீங்கியிருக்கும், அதைத்தான் எடுத்திருக்காங்க."

"ரெண்டு பக்கமுமா?"

"அப்படித்தான் பெரும்பாலும் கண்டுபிடிப்பாங்க. குடலிறக்கம்னு நினைச்சுக் கொண்டுவருவாங்க. இது அம்மா வழியா வர்றது."

சல்லடை நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்காவும் அதே அம்மாவுக்குப் பிறந்தவள்தான்.

"மேடம், அதை எடுக்காம விட்டா என்ன ஆகும்?"

"முன்னாடியெல்லாம் பாத்தவுடனே எடுத்துடுவாங்க. இப்ப பெரும்பாலும் அந்தப் பொண்ணு வளர்ற வரைக்கும் காத்திருந்து, அவளையே கேட்டு முடிவு பண்றாங்க. பின்னாடி புற்று வர்ற வாய்ப்பு கொஞ்சம் உண்டு, கவனிச்சுக்கணும். ஆனா பதிமூணு வயசுல அந்த ஹார்மோனை உடம்பே பெண் ஹார்மோனா மாத்திக்கும். மாத்திரை இல்லாமலே வளந்துடுவா."

அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை, வீட்டுக்கு நடந்தே போனாள். மாலை வெயிலில் எதிரே வந்த ஆண்களையும் பெண்களையும் பார்த்தாள். அகன்ற தோள், ஒடுங்கிய தோள், தொண்டையில் ஏறி இறங்கும் மேடு, மழித்த தாடை. எல்லாம் ஆறு வாரத்துப் பிண்டமாக இருந்தபோது ஒன்றுபோல் இருந்தவை. ஏதோ ஒரு சொட்டு வந்து இவனை இப்படியும் இவளை அப்படியும் இழுத்துவிட்டிருக்கிறது. தெருவே அவளுக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சல்லடை செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் ரத்தத்தை நானே பாத்தேம்மா."

அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை. மடித்த சேலையையே மறுபடி உதறி மடித்தாள். இருபத்தைந்து வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

"பொண்ணாத்தான் பெத்தேன், பொண்ணாத்தான் வளத்தேன்" என்றாள். "உங்கிட்ட சொன்னா நீ உயிரை விட்டுடுவேன்னு டாக்டர் சொன்னார். உங்கப்பாகிட்டகூட சொல்லல. அந்த மனுஷன் தெரியாமலே போய்ச் சேந்துட்டார்."

"தினமும் என்னை சத்தமாப் படிக்கச் சொல்லி வாசல்ல நிப்பியே. அது எதுக்கு?"

அம்மாவின் கை நின்றது. "குரல் உடையுதான்னு கேக்கத்தான்" என்றாள்.

படிப்பில் அக்கறை என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று வயதில் தினம் ஒரு மணி நேரம், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா. பாடத்தை அல்ல, பாடத்துக்குள்ளிருந்து எந்த நிமிஷம் ஒரு ஆண் குரல் கிளம்புமோ என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த அம்மா. சல்லடைக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா மேல் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது.

"பாப்பாவைக் குளிப்பாட்டினப்பவே தெரிஞ்சுதா?"

"கை பட்டதும் தெரிஞ்சுது. அதே இடம், அதே அளவு. திங்கக்கிழமையோட முடிஞ்சிடும்டி. உங்கக்கா தாங்கமாட்டா. நான் ஒருத்தி சுமந்தது போதாதா?"

சல்லடை போனை எடுத்தாள். "வேண்டாம்டி" என்று அம்மா எழுந்து வந்தாள். பிடுங்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியோடேயே சல்லடை அக்காவிடம் பேசினாள். எதையும் மறைக்கவில்லை. ரத்தத்தில் பார்த்ததை, மேடம் சொன்னதை, கட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள். எதிர்முனையில் அக்காவுக்குப் பின்னால் குழந்தை ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

"அப்ப என் பொண்ணு… யாருடீ அவ?" என்றாள் அக்கா.

"நான் யாருக்கா?"

"நீ என் தங்கச்சி."

"அப்ப அவ உன் பொண்ணு. நாளைக்கு இங்க கூட்டிட்டு வா, முதல்ல ரத்தம் பாப்போம். திங்கக்கிழமை அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாத."

அக்கா அழுதாள். அழுது முடித்து, "போகமாட்டேன்" என்றாள்.

போனை வைத்த பிறகும் அம்மா மணிக்கட்டை விடவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. விளக்கைப் போட இருவருக்கும் தோன்றவில்லை.

"எடுக்காம விட்டா உடம்பு தானாவே வளந்துடும்னு சொன்னியே" என்று அம்மா மெல்லக் கேட்டாள். "அது பாப்பாவுக்கு மட்டுமா? உனக்கும் அப்படி வந்திருக்குமா? மாத்திரை இல்லாம?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அம்மா அவளுக்குச் சொன்ன பொய்களில் நூற்றில் ஒரு பங்கு போதும், அந்தக் கிழவி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

"வந்திருக்கும்மா" என்றாள். "எல்லாமே தானா வந்திருக்கும்."

அம்மா அவள் கையை விட்டாள்.