மூன்றாவது கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்தக் கடைக்காரியை எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மறந்துபோன பாஸ்வேர்டோ, திறக்க மறுக்கும் ஃபைலோ, எது வந்தாலும் "வெச்சிட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்பாள். கையை விரித்து அனுப்பியதாக யாரும் சொன்னதில்லை.

அன்று மதியம் இரண்டு மணிக்கு உடற்பயிற்சி டீச்சர் புது லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். ஐந்து மணிக்கு அவளுக்கு வகுப்பு. அறுபது பாட்டு, பதினோரு பயிற்சி வீடியோ, எல்லாமே காசு கொடுத்து வாங்கியவை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து பென்டிரைவில் எடுத்துவந்து புதியதில் போட்டிருந்தாள். எதைத் தொட்டாலும் 'இந்தக் கம்ப்யூட்டருக்கு உரிமம் இல்லை' என்றே வந்தது.

"எதிர்க்கடைக்காரர் பூட்டை உடைச்சுத் தரேங்கிறார்."

"நம்ம வீட்டுக்குள்ள நாமளே எதுக்கு டீச்சர் சுவரேறிக் குதிக்கணும்? பாட்டை எடுத்துட்டு வந்தீங்க, சாவியை எடுத்துட்டு வரல. அவ்வளவுதான்."

டீச்சரின் கணக்கைத் திறந்ததும் விஷயம் பிடிபட்டது. மூன்று கம்ப்யூட்டருக்குத்தான் உரிமம். மூன்று இடமும் நிரம்பியிருந்தது. ஒன்றை நீக்கினால் புதியது உள்ளே வரும். ஆனால் நீக்குவதை ஏற்கெனவே உரிமம் உள்ள கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் செய்ய முடியும்.

"முதலாவது எங்க?"

"பழைய இரும்புக்குப் போயாச்சு."

"ரெண்டாவது?"

"அவரோட ஆபீஸ்ல குடுத்தது. வேலையை மாத்தினப்ப திரும்ப வாங்கிக்கிட்டாங்க."

"மூணாவது?"

டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள். "என் நாத்தனார்கிட்ட. நான்தான் பழசைக் குடுத்திருந்தேன். நாங்க பேசிக்கிறதில்ல. எட்டு மாசமாச்சு. எல்லார் முன்னாடியும், 'அண்ணிக்கென்ன, குதிக்கிறதுக்குச் சம்பளம்'னுட்டா."

சாவியக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை எடுத்தாள். "நம்பர் சொல்லுங்க. எனக்கு அவங்களோட சண்டை இல்லையே."

நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னாள். பிறகு, "வரச் சொல்லுங்க" என்ற ஒரே பதிலோடு எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது. வரச் சொன்னது தன்னையும் சேர்த்துத்தான் என்று சாவியக்கா எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு, புது லேப்டாப்போடு டீச்சரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று தெரு தள்ளி வீடு. நாத்தனார் கதவைத் திறந்து சாவியக்காவை மட்டும் "வாங்க" என்றாள். கூடத்தில் நாற்காலிகளை ஓரங்கட்டி, தரையில் பாய் விரித்திருந்தது. அதற்கு நேராக அந்தப் பழைய லேப்டாப். திரையில் ஒரு வீடியோ பாதியில் நின்றிருந்தது. டீச்சர் வாங்கிய பதினொன்றில் ஒன்று.

நாத்தனாரின் முகம் சிவந்துவிட்டது.

"டாக்டர் உடற்பயிற்சி பண்ணச் சொன்னார். முட்டி வலி. இதுல கிடந்துச்சு, போட்டுப் பாத்தேன்." குரல் இறங்கியது. "இப்ப இதை எடுத்துடுவீங்களா?"

டீச்சர் சாவியக்காவைப் பார்த்தாள். ஐந்து மணி வகுப்பு ஒரு பக்கம், அந்தப் பாய் ஒரு பக்கம். "அவகிட்டேருந்து எடுக்க வேண்டாம்" என்றாள் மெதுவாக. "வேற வழி இருக்கா?"

"இருக்கறதாலதானே இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்." சாவியக்கா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "இந்த லேப்டாப்புக்கு உரிமம் உயிரோட இருக்கு. இதுலேருந்தே மத்ததை நீக்கலாம். பழைய இரும்புக்குப் போனது எதுக்கு ஒரு இடத்தை அடைச்சிட்டு நிக்கணும்?"

டீச்சர் பாஸ்வேர்டைத் தட்டினாள். பட்டியலில் முதல் பெயரை நீக்கி, புது லேப்டாப்பைச் சேர்த்து, ஃபைல்களை ஒருமுறை திறந்து மூட இருபது நிமிடம் பிடித்தது. சாவியக்கா ஒரு பாட்டைத் தொட்டாள். கூடமே அதிரும்படி மேளம் கொட்டியது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினார்கள்.

சாவியக்கா பையை மாட்டிக்கொண்டு எழுந்தபோது மணி மூன்றரை. டீச்சர் எழுந்திருக்கவில்லை. திரையில் நின்றிருந்த வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் பண்ணும்போது முட்டி உள்பக்கம் மடங்குதா உனக்கு?"

"ஆமா அண்ணி. அப்பத்தான் சுரீர்னு இழுக்குது."

"இழுக்காம என்ன செய்யும்? காலைத் தப்பா வெச்சிருக்கே. நில்லு, காட்டு."

செருப்பை மாட்டியபடி சாவியக்கா திரும்பிப் பார்த்தாள். டீச்சர் தரையில் மண்டியிட்டு நாத்தனாரின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.