முன்னிருக்கையின் பாரம்

அந்த அலுமினியப் படகை வாங்கிய நாளிலிருந்தே அதில் யார் எங்கே உட்காருவது என்பதில் சண்டை வந்ததில்லை. பின்னால் மோட்டார் பக்கம் அவள். முன்னால் மூக்குப் பக்கம் அவள் கணவர். அவள் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். ஸ்பேனர் பிடித்த கைக்குத் தூண்டில் சீக்கிரமே வசப்பட்டது. அவரோ அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஏரிக்கு வந்தாலும் மடியில் தாள்கட்டும் காதில் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார். ஒரு கெண்டையைக்கூட உருப்படியாகக் கரை சேர்த்ததில்லை. ஆனால் நல்ல கனத்த சரீரம். சின்னப் படகில் ஓட்டுகிறவர், மோட்டார், பெட்ரோல் எல்லாம் பின்பக்கமே சேர்ந்துவிடும். முன்னால் ஆள் இல்லையென்றால் மூக்கு வானத்தைப் பார்க்கும்.

"நீங்க மீனெல்லாம் பிடிக்க வேண்டாம். அசையாம உக்காந்திருந்தாலே போதும், மூட்டை" என்பாள். அவள் வைத்த பெயர்தான் அது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரும் வெட்கமில்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

அவர் போய் அரை வருஷம் ஆகிவிட்டது. வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோது கை மீறிப் போயிருந்தது. துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரிடமும் அவள் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். அந்த டாக்டர், வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டார். கொஞ்சம் முன்னாடியே தெரிந்திருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்கலாம். சொல்லச் சொல்ல அவளுக்குத் தெம்பு வரும். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்தாள், சமைத்தாள், வேலைக்குப் போய் வந்தாள். அது இல்லாமல் ஒரு நாள் போயிருந்தாலும் படுத்தே கிடந்திருப்பாள்.

இப்போது மறுபடி ஏரிக்குப் போகவேண்டும் போல மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தனியாகப் போவதென்றால் படகை அடியோடு மாற்றி அமைக்கவேண்டும். உதவிக்குக் கொழுந்தனைக் கூப்பிட்டாள். கணவரின் தம்பி, பிளம்பர். அண்ணனுக்கு நேர்மாறாக ஒல்லிக்குச்சி, வாய் மட்டும் ஓயாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டில் வேலை ஆரம்பமானது. தூண்டில் கழிகளைச் செருகி வைக்கும் குழாய்களை, அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டும்படி பின்னால் கொண்டுவந்தார்கள். நங்கூரத்தைத் தூக்கிப் போட முன்னால் ஆள் கிடையாது. அதனால் மூக்கில் ஒரு உருளை வைத்து, கயிற்றைப் பின்னாலிருந்தே இழுத்துக்கொள்ளும்படி செய்தான் கொழுந்தன்.

"அண்ணன் இருந்தா, உருளை அரை விரல் கோணலா இருக்குன்னு பென்சிலால வட்டம் போட்டிருப்பாரு" என்றான்.

"போட்டுட்டு, நம்மளையே திருத்தச் சொல்லிட்டுத் தூங்கிருப்பாரு" என்றாள் அவள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அடுத்தது தரை. ஊறிப்போயிருந்த பழைய பலகையை இருவருமாகப் பெயர்த்து வெளியே எடுத்தார்கள். கொழுந்தன் குனிந்து பார்த்தான்.

"என்ன அண்ணி இது, படகா சல்லடையா? இவ்வளவு ஓட்டை!"

"எல்லாம் குறுக்குச் சட்டத்துல போட்டது. அடித்தகட்டுல கை வைப்பேனா? பேட்டரிப் பெட்டியை முடுக்கறதுக்காக."

"பேட்டரி ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். இடத்தை மாத்திக்கிட்டே வந்தேன்." வேலை விவரம் கேட்டால் அவளுக்கு உற்சாகம் வந்துவிடும். குந்தி உட்கார்ந்து விரலால் காட்டினாள். "முதல்ல இங்க, மோட்டார்கிட்ட இருந்துச்சு. போன வருஷம் மழைக்கு அப்புறம் படகு லேசா மூக்கைத் தூக்க ஆரம்பிச்சுது. மோட்டார் சாய்வுதான் சரியில்லைன்னு அதை ஒரு துளை உள்ள தள்ளி மாட்டினேன். கேக்கலை. பேட்டரியை நடு சீட்டுக்குப் பின்னாடி கொண்டுவந்தேன், சரியாப் போச்சு. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி தூக்குச்சு. சீட்டுக்கு அடியில தள்ளினேன். அப்புறம் இதோ, சீட்டுக்கு முன்னாடி. ஒவ்வொரு தடவையும் ஒயரை நீட்டியிருக்கேன் பாரு, ஒரு ஜாயின்ட்கூடச் சூடாகலை."

கொழுந்தன் ஒயரைப் பார்க்கவில்லை. தலையைச் சொறிந்தான்.

"நடுவுல ஐஸ் பெட்டியைப் பின்னாடி கொண்டுபோனீங்களா?"

"இல்லையே, அது எப்பவும் அதே இடந்தான்."

"பெட்ரோல் டேங்க்?"

"அதுவும் அங்கதான். எதையும் மாத்தலை."

"அப்புறம் ஏன் அண்ணி தூக்குச்சு?"

குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்பானே, அப்படித்தான் கேட்டான். அவளும் அதே மாதிரி பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திறந்தவளின் கண் காலியாகக் கிடந்த முன்சீட்டில் போய் நின்றது.

பின்னால் எதுவும் கூடவில்லை. முன்னால் குறைந்திருக்கிறது.

ஏரியில் குளிர் என்று அவர் தொளதொளவென்று ஒரு மழைக்கோட்டைப் போட்டுக்கொள்வார். அதற்கு மேலே லைஃப் ஜாக்கெட். உள்ளே ஆள் இளைத்துக்கொண்டே வந்தது அவள் கண்ணில் படவில்லை. டிப்போவில் அவளுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்ததால், இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்ததே அந்தப் படகில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இந்த சீட்டு பெருசாயிட்ட மாதிரி இருக்கே" என்றார். "வெயில்ல அலுமினியம் விரியும்" என்று இவள் சிரித்தாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

டாக்டரிடம் முதல் தடவை போனதே பேட்டரி சீட்டுக்கு முன்னால் வந்த பிறகுதான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தனுக்கும் அதற்குள் விளங்கிவிட்டது.

"அண்ணி, படிச்ச டாக்டருக்கே தெரியலை. உங்களுக்கு எப்படி..."

"அவர்கிட்ட போறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. படகு சொல்லிச்சு. ஒரு தடவையில்ல, திரும்பத் திரும்பச் சொல்லிச்சு. நான் படகை ரிப்பேர் பண்ணினேன்."

இத்தனை நாளும் டாக்டர் மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அது அவளை விட்டுப் போயிருந்தது.

"கடைசித் துளை போடறப்ப டார்ச் பிடிச்சது உங்க அண்ணன்தான்" என்றாள். "'இன்னும் ஒரு முழம் முன்னாடியே போட்டுடேன், திரும்பத் திரும்ப உனக்கு எதுக்குச் சிரமம்'னாரு. 'அவ்வளவு தூரம் தேவைப்படாது, பேசாம வெளிச்சத்தைக் காட்டுங்க'ன்னேன். பேசாமத்தான் காட்டினாரு."

கொழுந்தன் அளவு டேப்பைக் கையில் வைத்தபடி நின்றான்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. எனக்கும் தெரியும்னு நெனச்சிருப்பாரு. தெரிஞ்சேதான் நான் ஒண்ணும் கேக்காம துளை போட்டுக்கிட்டு இருந்தேன்னு நெனச்சிக்கிட்டே போயிட்டாரோ?"

அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் அவள் கேட்கவே இல்லை.