இரத்தினசிங்கத்தாரின் முன் பம்பர்

மெல்பேர்னின் ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் காரைத் தூணில் இடித்தது சாட்சாத் இரத்தினசிங்கத்தார்தான். பதினேழு வருடமாக ஒரு கீறலும் விழாத கார் என்று கலியாணவீடு, செத்தவீடு பாராமல் சொல்லி வந்தவரும் அவரே. ஞாயிற்றுக்கிழமை மகள் வினுஷாவைப் பார்க்க சிட்னி பிளாக்டவுனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பம்பரிலோ ஒரு முழத்துக்குப் பெயின்ற் உரிந்து, கறுப்புப் பிளாஸ்ரிக் பல்லிளித்தது.

"டண்டினொங்கில சச்சிதானந்தன் அண்ணை கார் பெயின்ற் அடிக்கிறவர்தானே, குடுங்கோவன்," என்றார் மனைவி சிவனேஸ்வரி.

"அவனிட்டக் குடுத்தா பெயின்ற் காய முந்தி மெல்பேர்ன் முழுக்கத் தெரிஞ்சிடும். இது குடும்ப மானம். வீட்டிலயே முடிப்பன்."

அவர் ஊரில் நில அளவையாளராக இருந்தவர். எதையும் முறைப்படி செய்பவர். வீடியோவை மூன்று தரம் பார்த்துக் குறிப்பெடுத்தார். வெள்ளிக்கிழமை பம்பரைக் கழற்றி, கராஜில் இரண்டு கதிரைகளின் மேல் கிடத்தினார். சவர்க்கார நீரால் கழுவினார். மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போக, அதற்கென்று விற்கும் திரவத்தால் துடைத்தார். மினுக்கம் அடங்கும்வரை மென்மையான அரத்தாளை நனைத்துத் தேய்த்தார். குறை சொல்ல எதுவுமில்லை.

அன்று பின்னேரம் பலகாரம் சுடும் வேலை தொடங்கியது. வீட்டுக்குள் எண்ணெய் மணந்தால் மாப்பிள்ளை வீட்டார் மூக்கைச் சுளிப்பார்கள், எல்லாம் கராஜ் அடுப்பில்தான் என்று கட்டளை போட்டவரும் இரத்தினசிங்கத்தாரே. மூன்று மணி நேரம், பம்பருக்கு நான்கடி தள்ளி, பயித்தம் பணியாரம் பொரிந்தது.

சனி காலை ஸ்பிரே டப்பாவுடன் போனவரை வினுஷா மறித்தாள்.

"அப்பா, வைப் இற் அகெய்ன். பிறைமர் அடிக்க முந்திக் கடைசியா ஒருக்காத் துடைக்கோணுமாம்."

"ஓமப்பா, அது முழுக்க எண்ணெய்ப் புகை," என்றார் சிவனேஸ்வரி.

"நான் அளந்த காணிக்கு ஆரும் திருப்பிச் சங்கிலி பிடிச்சவையோ? துடைச்சது துடைச்சதுதான்!"

பிளாஸ்ரிக்குக்கான பிறைமர், அதன்மேல் நீலம், அதன்மேல் பளபளப்பு. மாலையில் பம்பரைப் பூட்டியபோது அதில் தன் மீசையையே பார்க்க முடிந்தது அவருக்கு.

ஞாயிறு பத்து மணிக்கு மாப்பிள்ளையின் தகப்பன் இளங்கீரன் குடும்பத்தோடு காரில் வந்திறங்கினார். அவரும் முதுகு வளையாத மனிதர். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே போக, அவர் இரத்தினசிங்கத்தாரின் காருக்கருகில் நின்றுவிட்டார்.

"புதுசு மாதிரி வச்சிருக்கிறியள். எத்தினை வருசம்?"

"பதினேழு. ஒரு கீறல் கிடையாது."

இளங்கீரனின் விரல் பம்பரை மெச்சித் தடவிக்கொண்டே ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு சின்னக் கொப்புளம். கொப்புளத்தைக் கண்டால் மனிதனுக்கு நகம் சும்மா இராது. லேசாகக் கிள்ளினார். உள்ளங்கை அகலத்துக்கு நீலத் தோல் பாலாடை போலக் கழன்று அவர் கையோடு வந்தது.

இருவரும் அதையே பார்த்தபடி நின்றார்கள். இனிப் பேச்சும் முறிந்தது, சம்பந்தமும் முறிந்தது என்று எண்ணினார் இரத்தினசிங்கத்தார்.

இளங்கீரன் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்தத் தோலை மூக்கருகே கொண்டுபோனார்.

"பயித்தம் பணியாரமோ?"

இரத்தினசிங்கத்தாரின் தலை மட்டும் ஆடியது.

"எங்கட வீட்டிலயும் பொரிக்கிறது கராஜுக்கதான்," என்று சொல்லி, தோலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார் இளங்கீரன். பிறகு, பின் பம்பர் செடிக்குள் முழுதாகப் புதையும்படி நிறுத்தியிருந்த தன் காரைக் கண்ணால் காட்டினார். "அது முறுக்கு."

இரத்தினசிங்கத்தாரின் முதுகு மறுபடி நிமிர்ந்தது.

"வாங்கோ சம்பந்தி, உள்ள போய்க் கதைப்பம்."

உள்ளே பெண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.