பதினேழரைப் பவுண்டு

குகதாசன் கஸ்பருக்குக் கொடுக்கவேண்டியிருந்தது பதினேழு பவுண்டு ஐம்பது பென்ஸ். அதைக் கொடுக்காத நான்கு வருடமும் அவருடைய காரில் ஒரு பொட்டு ஊத்தை ஒட்டவில்லை.

கஸ்பர் மன்னார்க்காரர். லண்டனில் மிச்சம் என்ற ஊரில், மூடிக்கிடந்த ஒரு பெற்றோல் செட்டின் பின்வளவை வாடகைக்கு எடுத்துக் கார் கழுவினார். கோடையில் யாரும் கழுவலாம், பனிக்காலத்தைத் தாண்டுவதுதான் தொழில் என்பார். கவுன்சில் றோட்டில் கொட்டும் உப்பு காரின் அடிவயிற்றைத் தின்றுவிடும் என்று முதலில் அடியைக் கழுவுவார், பிறகுதான் மேல். கதவு ரப்பர்களைத் துடைத்துக் கிளிசரின் தடவுவார். பூட்டுத் துவாரத்தில் தண்ணீர் உறைந்துவிடாமல் மனைவி மெற்றில்டாவின் தலைமயிர் காயவைக்கும் மெசினைப் பிடிப்பார். கடைசியில் மெழுகு. நவம்பரில் வெடிக்கும் அவருடைய விரல் நுனிகள் ஏப்ரலில்தான் பொருந்தும்.

1987 ஜனவரியில் லண்டன் முழுக்கப் பனி கொட்டிய கிழமை, மினிகாப் டாக்சி ஓடுகிற குகதாசன் காரைக் கழுவுவித்தார். முடிந்ததும் சட்டைப்பையைத் தடவினார்.

"பேர்சை வீட்ட விட்டிட்டு வந்திட்டன் அண்ணை. நாளைக்குத் தாறன்."

"அதுக்கென்ன தம்பி."

போகும் வழியில் ஒரு பஸ் சேற்றுப்பனியை வாரி அடித்தது. சேறு காருக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றது, கொஞ்சம் யோசித்தது, றோட்டிலேயே விழுந்தது. மறுநாளும் அப்படித்தான். குகதாசன் காசோடு இரண்டுதரம் புறப்பட்டு, இரண்டுதரமும் காரைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்.

இப்படிப்பட்ட விஷயம் எங்கள் சனத்துக்குள் மூன்று நாளுக்கு மேல் மூடிக்கிடக்காது. எட்மண்டனிலிருந்தும் மனோர் பார்க்கிலிருந்தும் பேர்சை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். மளிகைக்கடைத் தில்லையம்பலம் மட்டும் மனம் உறுத்திப் பாதிக் காசு கொடுத்தார். அன்று பின்னேரமே அவர் காரின் இடப்பக்கம் ஊத்தையானது, வலப்பக்கம் பளபளத்தது. இரண்டுக்கும் நடுவே அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரு கோடு. அதற்குப் பிறகு யாரும் பாதி கொடுத்துப் பார்க்கவில்லை.

காசு கொடுத்துக் கழுவிய கார் அடுத்த மழைக்கே ஊத்தையாகி, பத்து நாளில் திரும்பி வந்தது. கொடுக்காத கார் திரும்பி வரவேயில்லை. அயலிலிருந்த வெள்ளைக்காரர்களின் காசில்தான் கஸ்பர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"உங்கட வாயில என்ன கொழுக்கட்டையே? கேளுங்கோவன்," என்பார் மெற்றில்டா.

"சனத்திட்டக் காசு கேட்டால் பிறகு அவையின்ர முகத்தில முழிக்க வேண்டாமோ?"

"இப்ப ஆர் முழிக்கினம்? உங்களைக் கண்டால் றோட்டு மாறிப் போகினம்."

அது உண்மை. முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் மண்ணெண்ணெய் ஹீற்றருக்கு முன்னால் குந்தியிருந்து, தேத்தண்ணீர் குடித்து, தன் பயணிகளைப்போல நடித்துக் காட்டிக் கஸ்பரைச் சிரிக்கவைத்தவர் குகதாசன். நான்கு வருடமாக அவர் அந்த வளவுக்குள் காலடி வைக்கவில்லை.

1991 ஜனவரியில் வளவுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. பெப்ரவரி முடிவதற்குள் வாடகைப் பாக்கி வராவிட்டால் பூட்டு. மெற்றில்டா கடன்காரரின் பெயர் எழுதிவைத்த கொப்பியைத் திறந்தார். நாற்பத்தொரு பெயர். அதில் பாதிப் பேர் கொடுத்தாலே போதும். கஸ்பர் கொப்பியைப் பார்க்கவில்லை, வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

பெப்ரவரியில் குகதாசனின் மகள் சிவமலர் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. முகம் கொடுக்காதவருக்கும் கார்ட் கொடுக்காமல் விடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை, ஆகவே கஸ்பருக்கும் கார்ட் போனது. மத்தியானம் மண்டபத்துக்குள் ஆராத்தி எடுத்துச் சாப்பாடு முடிவதற்குள் வெளியே முழங்கால் அளவு பனி விழுந்துவிட்டது. சனம் வாசலுக்கு வந்தது. கார்கள் எல்லாம் வெள்ளைக் கும்பிகளாகக் கிடந்தன. நடுவே, தில்லையம்பலத்தினது பாதியையும் சேர்த்து, முப்பத்தேழரைக் கார் மட்டும் மெழுகு காயாதவைபோல மினுங்கிக்கொண்டு நின்றன.

பனி மூடிய காருக்குச் சொந்தக்காரர்கள் போய்த் தட்டித் தேடினார்கள். மற்றவர்கள் அசையவில்லை. பனி விடட்டும் என்றார் ஒருவர். பனி விட்டுப் பத்து நிமிடமாகியிருந்தது.

"காரைத் தேடுறவை போயிட்டினம்," என்றார் மெற்றில்டா, எல்லோருக்கும் கேட்க. "தேடத் தேவையில்லாதவை ஏன் நிக்கினம்?"

கஸ்பர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "பேசாமல் வாருமப்பா."

பட்டுச்சேலையில் நடுங்கிக்கொண்டு நின்ற சிவமலர் தகப்பனின் கோட்டைப் பிடித்தாள். "அப்பா, எங்கட கார் அந்தா மினுங்குது. வாங்கோ, குளிருது."

இருநூறு பேர் குகதாசனைப் பார்த்தார்கள். அவர் காரிடம் போகவில்லை. நேரே கஸ்பரிடம் வந்து, பேர்சை எடுத்து, பதினேழு பவுண்டும் ஐம்பது பென்சும் எண்ணி அவருடைய வெடித்த கையில் வைத்தார்.

தொம் என்று ஒரு சத்தம். நான்கு பனிக்காலத்துச் சேறும் உப்பும் பனியும் புறா எச்சமும் ஒரே நேரத்தில் குகதாசனின் காரில் விழுந்திருந்தன. எந்த நிறக் கார் என்று தெரியவில்லை. சிவமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தில்லையம்பலம் பேர்சை எடுத்தார். பிறகு மற்றவர்கள். கார் நிறுத்துமிடம் எங்கும் தொம், தொம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. வராத மூன்று பேரும் அந்தக் கிழமைக்குள் வளவுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"நாளைக்குக் கழுவ ஏலுமோ அண்ணை?" என்று கேட்டார் குகதாசன், காரைப் பார்க்காமல்.

கஸ்பர் தொண்டையைச் செருமினார். "இருபது பவுண்ஸ். முதல் காசு."

"விலையைக் கூட்டிப்போட்டியளோ?"

"நாலு வருசம் தம்பி."

குகதாசன் இருபதையும் அங்கேயே கொடுத்தார். மறுநாள் கழுவிய கார் வீட்டுக்குப் போவதற்குள் ஊத்தையாகிவிட்டது. சனிக்கிழமை அதை மறுபடி கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஹீற்றருக்கு முன்னால் குந்தினார்.