ஜப்பான் அறையை யார் துடைப்பது?

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. சென்னையிலிருந்து வரும் ஒரு பத்திரிகை, 'முன்னேறிய நாடுகளில் வேலைச் சந்தையும் கூலி உயர்வும்' என்று என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தது. வீட்டில் எழுத ஓடவில்லை. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி, ஒரு சந்துக்குள் சகாதேவன் நடத்தும் விடுதிக்குப் போய் உட்கார்ந்தேன். கீழே காபிக் கடை. மேலே ஆறு அறைகள், ஆறிலும் வெளிநாட்டுக்காரர்கள். முன்னேறிய நாடுகளை எழுத இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று நினைத்தேன்.

முதல் வாக்கியம் இப்படிப் போனது: 'கொரோனாவுக்குப் பிறகு பணக்கார நாடுகளில் ஆள் கிடைப்பது கஷ்டமானது, அதனால் கூலி ஏறியது, ஆனால் விலைவாசி அதைவிட வேகமாக ஏறியதால்

(இங்கேதான் சண்டைச் சத்தம் கேட்டது. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். அந்த நாடுகளிலும் அது இன்னும் சரியாக முடிந்தபாடில்லை.)

2

சத்தம் போட்டவள் சந்திரகலா. அறைகளைச் சுத்தம் செய்ய கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். ('அவள்' என்று எழுதிவிட்டேன். சகாதேவனை 'அவர்' என்று எழுதப்போகிறவன் இவரை மட்டும் 'அவள்' என்பானேன்? இனி 'அவர்'.)

"மூணு வருஷமா அதே சம்பளம்ணா. ஏத்திக் குடுங்க. இல்லன்னா ஊருக்கே வந்து ஆள் ஏத்திகினு போற ஷூ கம்பெனி வேன்ல ஏறிப் போயிட்டே இருப்பேன்."

"எவன்மா இப்போ சம்பளம் ஏத்தறான்?" என்றார் சகாதேவன். "மேல தங்கியிருக்காங்களே வெள்ளக்காரங்க, அவங்க ஊர்லயே ஏத்தறதில்ல. வேணும்னா சாரைக் கேளு. அதைத்தான் எழுதினு இருக்காரு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் காபியைப் பார்த்தேன். பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஏத்தறாங்க" என்றேன். "ஜப்பான்ல முப்பது வருஷத்துல இல்லாத அளவுக்கு ஏத்தியிருக்காங்க."

சகாதேவனுக்கு முகம் சிவந்துவிட்டது. நாலு பேர் முன்னால் பொய்யனாகிவிட்டோமே என்ற ரோஷம். "சரி. எந்த ரூமைத் தொடைக்கிறியோ, அந்த ஆளோட நாட்டுல நூத்துக்கு எவ்ளோ ஏறுதோ, அந்த நாளைக்கு நானும் அவ்ளோ ஏத்தறேன். போதுமா?"

போதும் என்றார் சந்திரகலா. எப்படிப் பார்த்தாலும் நாளொன்றுக்கு ஒரு டீ, ஒரு வடைக்கு மேல் தேறாது என்று எனக்குத் தெரியும். அது கட்டுரையில் வரவேண்டிய விஷயம் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

3

மறுநாளிலிருந்து ஜப்பான் அறை ஒரு நாளைக்கு மூன்று முறை துடைக்கப்பட்டது.

இன்னொரு பணியாளரான ராஜம்மாள், தனக்கும் அதே கணக்குத்தான் என்று விடியும் முன்பே வந்து அந்தக் கதவருகில் வாளியை வைத்து இடம் போட ஆரம்பித்தார். சந்திரகலா பின்படி வழியாக ஏறி முந்தினார். உள்ளே தங்கியிருந்த ஜப்பானியப் பெண்மணி இதை இவ்வூர் வழிபாட்டு முறை என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று குனிந்து வணங்கினார். தரை காய நேரமே இல்லாததால் கட்டிலிலேயே சாப்பிட்டார்.

இத்தாலி அறையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் அந்த அறைக்காரர் கீழே வந்து காரணம் கேட்டார்.

"சார் சொன்னாரு, உங்க நாட்டுல ரொம்ப வருஷமா சம்பளமே ஏறலியாமே?" என்றார் சந்திரகலா. நான் மொழிபெயர்த்தேன்.

அவர் கையை விரித்தார். "உண்மைதான். அதனால்தான் வேலையை விட்டுவிட்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்தேன்" என்றார். பிறகு துடைப்பத்தை வாங்கிக்கொண்டு மேலே போய்த் தன் அறையைத் தானே பெருக்கினார்.

(நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். துடைப்பத்தை எடுத்துவிட்டும் எழுதிப் பார்த்தேன். அறை அழுக்காகவே இருந்தது.)

4

சந்திரகலா இப்படிச் சண்டை போட கதையில் காரணம் போதுமா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மூன்றாவது திருத்தத்தில் அவரைப் பரம ஏழையாக்கி, ஒழுகும் கூரை ஒன்றையும் கட்டிக் கொடுத்தேன். படித்துக் காட்டியபோது சிரித்தார்.

"எங்களுது மெத்தை வீடு சார், காங்கிரீட்டு போட்டது. ஒண்ணரை ஏக்கர்ல வேர்க்கடல போட்டிருக்கோம். ஒழுகுற வீட்டை எங்க இருந்து புடிச்சீங்க?"

"அப்போ ஷூ கம்பெனியிலதான் சம்பளம் ஜாஸ்தியாச்சே, ஏன் போகலை?"

"என் நாத்தனா அங்கதான் போறா. ஒண்ணுக்குப் போவணும்னாக்கூட கையத் தூக்கிக் கேக்கணுமாம். இங்க நான் யாரையும் கேக்க வேணாம். வேலைய முடிச்சா மாடியில நின்னு காத்து வாங்கலாம். அதுக்காவத்தான் இத்தினி நாளும் கம்மிக்கு இருந்தேன். ஆனா அதையே காரணமா வெச்சிகினு ஏத்தாமயே விட்டா எப்படி சார்?"

கூரையை அடித்துவிட்டேன். கட்டுரைக்காக நான் படித்த அறிக்கைகள் எதிலும் மாடிக் காற்றுக்கு ஒரு பத்தி இல்லை.

5

பௌர்ணமி நெருங்கியதும் சகாதேவன் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சார், இந்தியா முன்னேறிய நாட்டுப் பட்டியல்ல இருக்குதா?"

"இல்லை."

"அப்போ நம்மாளுங்க தங்குனா ஏத்த வேணாம் இல்ல?"

வெளிநாட்டு முன்பதிவுகளை நிறுத்தினார். ஜப்பானியப் பெண்மணியை மூன்றாவது தெருவிலிருந்த வேறொரு விடுதிக்கு மரியாதையாக அனுப்பிவைத்தார். (அங்கே யாரும் துடைக்க வருவதில்லை என்று அவர் வருத்தப்பட்டாராம்.) மற்ற வெளிநாட்டுக்காரர்களும் காலி செய்ய, கிரிவலத்துக்கு வந்த ஐதராபாத்காரர்களால் ஆறு அறைகளும் நிரம்பின.

இரண்டாம் அறையில் ஓர் இளைஞர் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். சந்திரகலா கதவருகில் நின்று கேட்டுவிட்டுக் கீழே ஓடிவந்தார்.

"அண்ணா, அது அமெரிக்கா ரூம்! அந்தத் தம்பி அமெரிக்கா கம்பெனிக்கு வேலை செய்யுது."

"உடம்பு இங்கதானே இருக்குது?"

"சம்பளம் அங்க இருந்துதானே வருது?"

தீர்ப்புச் சொல்ல என்னை மாடிக்கு இழுத்துப் போனார்கள். நான் கேட்பதற்குள் அந்த இளைஞரே சொல்லிவிட்டார்: அவர் குழுவில் பாதிப்பேரை அனுப்பிவிட்டார்கள். மிச்சப்பேருக்கு இந்த வருடம் உயர்வு கிடையாது. இருக்கிற வேலை நிலைக்கட்டும் என்றுதான் மலையைச் சுற்ற வந்திருக்கிறார். இருவருக்கும் அதைத் தமிழில் சொன்னேன்.

சந்திரகலா மாப்பைச் சுவரில் சாய்த்தார்.

"உங்க ஊருக்கு ஷூ கம்பெனி வேனெல்லாம் வராதா தம்பி?"

நான் ஆங்கிலத்தில் கேட்டதும் அவர் இல்லை என்று தலையாட்டினார். அன்று அந்த அறையை சந்திரகலா எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் துடைத்தார். பிறகு கீழே வந்து, "எந்த நாடும் வேணாம்ணா. எனக்கு எவ்ளோன்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க. திங்கக்கெழமைக்குள்ள சொல்லலன்னா வேன்தான்" என்றார்.

சகாதேவன் கல்லாவைத் துடைத்தார், சுத்தமாகவே இருந்த கல்லாவை.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) சகாதேவன் மனம் மாறி (ஏன் மாறினார்? தெரியவில்லை. அடித்தேன்.)

ஆ) சந்திரகலா வேனில் ஏறி, ஜன்னல் வழியாக மலையைத் திரும்பிப் (அந்த வேன் போகும் திசையில் மலை முதுகுப்பக்கம், ஜன்னலில் தெரியாது. அடித்தேன்.)

திங்கட்கிழமை காலையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். சகாதேவன் தொகை எதுவும் சொல்லியிருக்கவில்லை, சந்திரகலா இன்னும் வரவில்லை, ராஜம்மாளும் வரவில்லை. ராஜம்மாள் வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டாராம். சகாதேவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு வாசலில் நின்றார். நாலு பேரிடம் கேட்டும் இந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.

"சார், நானே தொடச்சா எந்த நாட்டுக் கணக்கு?"

சந்து முனையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த ஷேர் ஆட்டோ நின்றது. பின்பக்கத்திலிருந்து யாரோ இறங்கச் சேலையை ஒதுக்குவது தெரிந்தது. முகம் தெரியவில்லை.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. சகாதேவன் இப்போது என்னைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறார். சந்திரகலாவுக்கு மாதம் எவ்வளவு என்று சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக, சந்து முனைவரை கேட்கிற மாதிரி. குறைத்துச் சொன்னீர்களென்றால், அந்த ஆட்டோவிலிருந்து இறங்குவது வேறு யாரோ.