வாழைத்தோட்டத்து வயர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம். கோர்ட்டு குமரகுருபரனுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். சிங்கப்பூரில் தாயோடு இருக்கும் மகள் சுகிர்தாவை அந்த நேரத்தில் போனில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். அதையும் ஸ்ரீவைகுண்டத்து நெட்டு தின்றுகொண்டிருந்தது. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். பிள்ளையின் முகம் அப்படியே நின்றுவிடும். பிறகு அசையும், மறுபடி நிற்கும்.

"வாராவாரம் இதே கூத்து. பிள்ளைக்கும் அலுத்துப் போச்சு. இனி மாசத்துக்கு ஒருதரம் போதும்னு வக்கீல்கிட்ட சொல்லிருவேன்" என்று போன வாரம் ராஜேஸ்வரி சொன்னாள். பிரிந்துபோன மனைவி. சொன்னால் செய்கிறவள்.

நெட்டு சரியானால் பிள்ளை பேசும் என்று அவர் நம்பினார். யூனியன் ஆபீசில் கணக்குப் பார்க்கிற ஆள். எதையும் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தே பழக்கம். இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்த வைஃபை பெட்டியை முதலில் கூடத்துக்குக் கொண்டுவந்தார். வேகம் கூடியது, சாயங்காலம் விழுந்தது. பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேராக வயர் போட்டுப் பார்த்தார். அப்படியும் ஏறி ஏறி இறங்கியது. அப்படியென்றால் கோளாறு வீட்டுக்குள் இல்லை.

கேபிள்காரர் ஐயம்பெருமாளுக்குப் போன் போட்டார்.

"பெட்டியை அமத்திட்டுப் போடுங்க அண்ணாச்சி."

"அமத்தி அமத்தி சுவிச்சே தேஞ்சு போச்சுவே."

"ஆனிக் காத்து அப்படி அடிக்குது, நான் என்ன செய்ய?"

"காத்துக்கும் நெட்டுக்கும் என்னவே சம்பந்தம்? நெட்டு என்ன பட்டமா?"

ஐயம்பெருமாள் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஆனால் அந்தச் சொல் இவர் மண்டைக்குள்ளேயே நின்றது. இலை அசையாத மத்தியானங்களில் வேகம் நன்றாகத்தானே இருந்தது? வயரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். சுவருக்கு அந்தப்புறம் ஆவுடைநாயகம் பிள்ளையின் வாழைத்தோட்டம். கேபிள் ஆட்கள் கம்பம் நடச் சோம்பல்பட்டு, வாழைத்தாருக்கு முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பில் வயரைக் கட்டியிருந்தார்கள். தார் பெருக்கப் பெருக்க வாழை சாய்ந்து, கம்பும் சாய்ந்து, மயிரிழைக் கண்ணாடி வயர் மடிந்து கிடந்தது. கம்பை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தார். வேகம் ஏறியது. விட்டார், விழுந்தது.

"நாளைக்கு அவரு வாழையை வெட்டினா எம் பிள்ளை முகமும் சேந்துல்லா விழும்?" என்று ஐயம்பெருமாளை மறுபடி போனில் பிடித்தார்.

"வெட்டுதுக்குள்ள கம்பம் நட்டிரலாம்னு பாத்தேன் அண்ணாச்சி. கோவப்படாதிய."

சனிக்கிழமை மடிந்த இடத்தை வெட்டி ஒட்டி, வயரைத் தெருக்கம்பத்துக்கு மாற்றினார் ஐயம்பெருமாள். அன்று சாயங்காலம் காற்று பேயாய் அடித்தும் வேகம் குறையவில்லை. குமரகுருபரன் ஒரு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஞாயிறு. பளிச்சென்று வந்தாள் சுகிர்தா. நெற்றியில் கொசு கடித்த தடிப்புகூடத் தெரிந்தது.

"சுகி, பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு, அப்பாகிட்ட சொல்லு பாப்போம்."

முகம் நின்றுவிட்டது.

பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. போனைக் கண்ணருகே கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பின்னால் ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது. காதோரத்து முடி ஃபேன் காற்றில் பறந்தது. படம் நிற்கவில்லை. சுகிர்தாதான் உதட்டை இறுக்கி, கண்ணை ஓரிடத்தில் வைத்து, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். நன்றாகப் பழகிய இருப்பு. இத்தனை ஞாயிறுகளில் வயர் நின்றது எத்தனை, பிள்ளை நின்றது எத்தனை? அவருக்குக் கழித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"என்னட்டி, சத்தத்தையே காணோம்? பேசுதியா இல்லியா?" உள்ளேயிருந்து ராஜேஸ்வரி கேட்டாள்.

உதடு அசைந்தும் அசையாமலும் பிள்ளை சொன்னாள். "அப்பா நின்னுட்டாங்கம்மா. வட்டம் சுத்துது."

செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. இப்போது அவள் எட்டிப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும். பிள்ளைக்குத்தான் அடி விழும். குமரகுருபரன் பிள்ளையைக் கூப்பிடத் தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்தார். பாதி திறந்த வாயை மூடவில்லை. கண்ணையும் இமைக்கவில்லை.

ராஜேஸ்வரி குனிந்து பார்த்தாள்.

"இது சரிப்படாது. நாளைக்கே வக்கீல்கிட்ட சொல்லிருதேன். வை."

படம் அணைகிற வரைக்கும் அவர் அசையவில்லை.